நூற்றுக்கு நான்கு

— இன்னும் அந்தப் பாட்டுதானா ஓடுது?

— அதேதான், டோரீன். முப்பத்தஞ்சு நிமிஷமாச்சு. எவ்வளவு நேரம் போனைக் கையிலயே பிடிச்சிருக்கிறது? அதான் சத்தத்தைக் கூட்டி மேஜையில வச்சுட்டேன்.

— இழவு வீட்டுல வாசிக்கிற மாதிரி இருக்கு. நல்ல பாட்டாப் போடக்கூடாதா, பிள்ளைச் செலவுப் பணம் வசூல் பண்ணித் தர்ற இந்த ஆபீஸ்காரங்க? நூத்துக்கு நாலு பிடிக்கிறாங்களே, அந்தக் காசெல்லாம் எங்க போகுது?

— எங்கிட்ட இன்னும் பிடிக்கல. பிடிச்சுக்கோங்கன்னு சொல்லத்தானே இப்பக் கூப்பிட்டிருக்கேன். கீழ்க் கதவைப் பூட்டினீங்களா?

— சாத்திட்டுத்தான் வந்தேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேப்ப, தங்கம்? அந்தக் கதவே என் முழங்கால் மாதிரி, கடல் ஈரத்துல ஊதிக் கிடக்கு. இந்தா, கோழி சூப்பு. இது குட்டிக்குத் தடவுற மருந்து. இது உனக்கு. வாயைத் திற.

— என்ன அது?

— பெப்பர்மின்ட். வரிக்கோடு போட்டது, ஒசத்தி. உன் உதடெல்லாம் வெளுத்துப் போயிருக்கு பாரு.

— வேண்டாம். பையை மூடுங்க, டோரீன். எனக்கு அந்த வாசனையே ஆகாது.

— மிட்டாய் வாசனை ஆகாத மனுஷியை இன்னைக்குத்தான் பாக்குறேன். சரி, எனக்கு மிச்சம். இது யார் குடுத்ததுன்னு நீ கேக்கவேயில்லையே. எனக்கு ஒரு அபிமானி கிடைச்சிருக்கார். அறுபத்து மூணு வயசுல, மஞ்சக் கோட்டைப் போட்டுக்கிட்டு, வட்டப் பலகைக் கம்பைப் பிடிச்சுக்கிட்டு, பள்ளிக்கூடத்து முனையில பிள்ளைங்களை ரோடு கடத்திவிடுற கிழவிக்கு!

— 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. தயவுசெய்து இணைப்பில் காத்திருக்கவும்.'

— முக்கியமாம். முக்கியமானவளை இப்படித்தான் காக்க வைப்பாங்களா?

— அம்மா! கடல்காக்கா பதினாலு! தபால் வண்டி ரெண்டு! நாய் இன்னும் ஒண்ணுகூட வரல!

— ஐவி, ஜன்னல்கிட்ட நிக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? கட்டில்ல உக்காந்து எண்ணு.

— கட்டில்லேர்ந்து பாத்தா வானம்தாம்மா தெரியுது! டோரீன் ஆன்ட்டி, கொஞ்சமாச் சொறிஞ்சுக்கட்டுமா?

— சொறிஞ்சா தழும்பு விழும், குட்டி! அப்புறம் உன்னை யாரும் ராணி வேஷத்துக்கு எடுக்க மாட்டாங்க! ... பாவம், ரோவீனா, ஏழு வயசுப் பிள்ளை. அஞ்சு நாளா உள்ளயே கிடக்கு. ஜன்னல்லயாவது நிக்கட்டுமே. நல்ல வெயில் அடிக்குது. சின்னம்மைக்கு வெளிச்சம் ஒண்ணும் பண்ணாது.

— வெளிச்சத்துக்கா நான் பயப்படுறேன்?

— அப்ப எதுக்கு? நானும் காலையிலேர்ந்து பாக்குறேன். எதுக்குன்னு சொல்லு. ஐவியோட அப்பன் இருக்கிற கவென்ட்ரி எங்க இருக்கு, நம்ம பிரிட்லிங்டன் எங்க இருக்கு! நாலு மணி நேரம் காரோட்டணும். நீ இங்க இருக்கேன்னு அவனுக்குத் தெரியாதுன்னு நீதானே சொன்ன.

— தெரியாதுன்னுதான் இருந்தேன். இருங்க. இந்த வங்கிக் கணக்குக் காகிதத்தைப் பாருங்க.

— கண்ணாடி கீழ இருக்கே. நீயே படி.

— வெள்ளிக்கிழமை தவறாம, காலையில ஒன்பது மணிக்குள்ள, ஐவிக்காக அவன் போடுற அறுபது பவுண்டு என் கணக்குல விழும். பணம் போடும்போது சின்னதா ஒரு குறிப்பு எழுதலாம் இல்லையா, எதுக்காகன்னு? பதினெட்டு எழுத்துதான் இடம். முதல் மாசமெல்லாம் 'ஐவிக்கு'. வேற ஒண்ணுமில்லை.

— ஒழுங்காத்தானே எழுதியிருக்கான்.

— மே மாசம், 'குளிருதா அங்கே'. அடுத்த வாரம், 'கடல் காற்று நல்லது'.

— கடல்னு அவனுக்கு எப்படித் தெரியும்?

— நான் எந்த ஊருன்னு யார்கிட்டயும் சொல்லல, டோரீன். என் அக்காகிட்டகூடச் சொல்லல. நாடு முழுக்கக் கடல்தானே, குத்துமதிப்பா எழுதுறான்னு என்னை நானே சமாதானப்படுத்திக்கிட்டேன். மூணு வாரத்துக்கு முன்னாடி, 'சிவப்புக் கோட் அழகு'.

— ஐவியோட சிவப்புக் கோட்டா? நம்ம ரெண்டு பேரும் போய் சந்தையில வாங்கினோமே, அதுவா?

— அதேதான். அவன் கண்ணால பாத்தேயிராத கோட்டு.

— அம்மாடி.

— போன வாரம், 'கடைசித் தவணை'. இன்னைக்கு வெள்ளிக்கிழமை. மணி ரெண்டே கால். பணம் வரல.

— இதையெல்லாம் நீ போலீஸ்கிட்டக் காட்டலையா?

— என்னன்னு காட்டுறது? 'குளிருதா'ன்னு கேட்டுட்டான், வந்து பிடிங்கன்னா? அறுபது பவுண்டும் கணக்கா வருது. பாக்குறவங்களுக்குத் தங்கமான அப்பன். கவென்ட்ரியில எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. 'க்ளென் மாதிரி ஒருத்தன் கிடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும்'னு.

— சரி, பயத்தை ஒரு பக்கம் வை. பணம் வரலைன்னா அது உனக்கு நல்லதுதானே? எங்க ஷீலாவோட மகளுக்கு அப்படித்தான் நடந்துச்சு. அவன் கட்டத் தவறினதும் ஆபீஸ்காரங்களே நடுவுல வந்துட்டாங்க. அவன் சம்பளத்துலேர்ந்து பிடிச்சு, இவளுக்கு அனுப்புறாங்க. குறிப்பும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. நீ முதல்லயே அப்படிக் கேட்டிருக்கலாமே?

— கேட்டிருக்கலாம். கட்டணம் இருக்கே.

— நூத்துக்கு நாலு. அறுபதுக்கு ரெண்டு பவுண்டு நாப்பது. ஒரு ரொட்டி, ஒரு டப்பா பீன்ஸ். அதுக்காகவா?

— அது என் பக்கம். அவன் பக்கம் என்னன்னு தெரியுமா? நூத்துக்கு இருபது. அறுபதுக்கு மேல பன்னிரண்டு பவுண்டு, ஒவ்வொரு வாரமும், என்னால. 'இவ நேரடியா வாங்கிக்க மாட்டேன்னதால'ன்னு அவன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நினைப்பான்.

— நினைச்சுட்டுப் போறான். நினைப்புக்கு என்ன, பல்லா இருக்கு?

— உங்களுக்குத் தெரியாது. ஐவி என் வயித்துல இருந்தப்ப, ஒரு நாள் கடையில நான் பத்து நிமிஷம் தாமதிச்சுட்டேன். கார் நிறுத்துற இடத்துல ஒரு பவுண்டு கூடக் கட்ட வேண்டியதாப் போச்சு. ஒரே ஒரு பவுண்டு. அவன் திட்டல, கத்தல. 'அந்த ஒரு பவுண்டை நடந்து கழிச்சுடு'ன்னான். என்னை அங்கயே விட்டுட்டு, கார் கதவைச் சாத்திட்டுக் கிளம்பிட்டான். ஏழு மைல், டோரீன். ஏழாவது மாசம். மழை வேற.

— நாசமாப் போறவன்.

— ஒரு பவுண்டுக்கு ஏழு மைல்னா, வாரம் பன்னிரண்டு பவுண்டுக்கு எத்தனை மைல் நடக்கணும், சொல்லுங்க? அதான் முதல்ல ஆபீஸ்ல கேட்டப்ப, நேரடியாவே வாங்கிக்கிறேன்னுட்டேன். என் கணக்கு நம்பரைக் குடுத்தேன். அவங்க அவனுக்கு அனுப்பினாங்க. அவனைச் சீண்டாம இருக்கலாம், ரெண்டு பவுண்டு நாப்பதும் மிச்சம்னு பாத்தேன்.

— உன்மேல தப்பில்லை, தங்கம். நாய் தூங்கினா யாரும் போய் வாலை மிதிப்பாங்களா? நானா இருந்தாலும் அப்படித்தான் பண்ணியிருப்பேன்.

— 'உங்கள் அழைப்பு எங்களுக்கு...'

— எடுத்துட்டாங்க! பாட்டு நின்னுடுச்சு! பேசு, பேசு!

— வணக்கம், என் பெயர் பிரிஜெட். காத்திருந்ததுக்கு மன்னிக்கணும். உங்க பெயரும் பிறந்த தேதியும் சொல்ல முடியுமா, மேடம்?

— ரோவீனா... ரோவீனா ஹேல்ஸ். பதினாலு, மூணு, எண்பத்தொன்பது.

— நன்றி. குழந்தையோட பெயர்?

— ஐவி.

— நன்றி, மேடம். இன்னைக்கு நான் உங்களுக்கு என்ன உதவி செய்யணும்?

— மாத்தணும். பணத்தை இனிமே அவர் நேரா எனக்கு அனுப்ப வேண்டாம். நீங்களே வாங்கி எனக்கு அனுப்புங்க. இன்னைக்குப் பணம் வரல. போன வாரம் கடைசித் தவணைன்னு எழுதியிருந்தார்.

— புரியுது, மேடம். எங்க மூலமா வசூல் பண்ணினா, உங்களுக்கு வர்ற தொகையில நூற்றுக்கு நான்கு கட்டணமாப் பிடிப்போம். தந்தைக்கு அவர் கட்டுற தொகைக்கு மேல நூற்றுக்கு இருபது. இதைச் சொல்ல வேண்டியது என் கடமை. சம்மதமா?

— சம்மதம்.

— இன்னொண்ணு. நீங்க கேட்டிருக்கீங்கன்னு அவருக்கு ஒரு கடிதம் போகும். பதில் சொல்ல அவகாசம் குடுப்போம்.

— கடிதமா? நான் கேட்டேன்னா போகும்? டோரீன், நான் கேட்டேன்னு அவனுக்குப் போகுமாம்.

— போகட்டும்டி. சரின்னு சொல்லு. தலைக்கு மேல வெள்ளம் போறப்போ சாண் என்ன, முழம் என்ன?

— ... சரி. அனுப்புங்க.

— மேடம், உங்களை ஒண்ணு கேக்கலாமா? உங்க குரலைக் கேட்டதால கேக்குறேன். அவரால உங்களுக்கு ஆபத்து ஏதாவது இருக்கா?

— நான்... அவருக்கு எங்க முகவரி தெரியக்கூடாது.

— முகவரியை நாங்க குடுக்க மாட்டோம். அது பூட்டி இருக்கு. நீங்க குடுத்த வங்கிக் கணக்கு, கிளை தெரியாத கணக்குதானே?

— அப்படின்னா?

— கணக்கு நம்பருக்கு முன்னாடி ஆறு எண் இருக்கும், மேடம். எந்தக் கிளைன்னு அதுவே காட்டிக்குடுத்துடும். பயம் இருக்கிறவங்களுக்கு, ஊர் தெரியாத பொதுக் குறியீட்டோட கணக்கு திறந்து தருவாங்க. நாங்க அனுப்பின கையேட்டுல ஏழாம் பக்கத்துல இருக்கு.

— நான் ஏழாம் பக்கம் வரைக்கும் போகல. முதல் பக்கத்துல அவன் பேரைப் பாத்தேன், மூடிட்டேன். கணக்கை இங்கதான் திறந்தேன். கடற்கரைத் தெருவுல இருக்கிற கிளையில. வந்த மூணாம் நாள்.

— இரு, இரு. பொண்ணே, பிரிஜெட், நான் பக்கத்து... கீழ்வீட்டுக்காரி பேசுறேன். அந்த ஆறு எண்ணை வச்சு யார் வேணும்னாலும் ஊரைக் கண்டுபிடிக்கலாமா?

— இணையத்துல போட்டா ஒரு நிமிஷத்துல தெரியும்மா.

— அப்ப ஏப்ரல்லேர்ந்தே... ரோவீனா, உக்காரு. உக்காரு முதல்ல.

— ஆறு மாசம். ஆறு மாசமா அவனுக்குத் தெரிஞ்சிருக்கு, டோரீன். நான் கதவுக்கு ரெண்டு தாழ்ப்பாள் போட்டேன். ஐவியை மணல்ல விளையாட விடல. ஊரு பேரை நானே எழுதிக் குடுத்திருக்கேன். ரெண்டு பவுண்டு நாப்பதுக்கு.

— ஊருதானே தெரியும். முப்பத்தஞ்சாயிரம் பேர் இருக்கிற ஊரு. தெரு தெரியாது, வீடு தெரியாது.

— அம்மா! கடல்காக்கா இருபத்திரெண்டு! ஒண்ணு யாரோ தின்னுக்கிட்டிருந்த உருளைக்கிழங்கு வறுவலைப் பிடுங்கிட்டுப் போகுது! நாய் ஒண்ணு வருது! என் முதல் நாய்!

— சரிடா கண்ணு! எண்ணிக்கோ!... பிரிஜெட், இப்ப நான் என்ன செய்யணும்?

— முதல்ல வங்கியில கணக்கை மாத்துங்க. அதுக்குள்ள நான் உங்க கோப்பைத் திறக்குறேன். ஒரு நிமிஷம், மேடம்... இன்னைக்குத் தேதியில ஒரு குறிப்பு இருக்கு. நீங்க ஏற்கெனவே எங்களோட பேசினீங்களா?

— இல்லையே.

— அப்ப இது தந்தை தரப்புலேர்ந்து. காலையில எட்டே காலுக்கு அழைச்சிருக்கார். நான் அப்படியே படிக்கிறேன். 'இன்று இரவிலிருந்து குழந்தை ஐவி தன்னுடன் தங்குவார். வாரத்தில் ஏழு இரவும். ஆகவே பராமரிப்புத் தொகை இனிச் செலுத்த வேண்டியதில்லை. தாயிடம் கேட்டு உறுதி செய்யவும்.' அதனாலதான் இன்னைக்குப் பணம் வரலை போலிருக்கு. நாங்களே உங்களை அழைக்கிறதா இருந்துச்சு. இது நீங்க ரெண்டு பேரும் பேசி எடுத்த முடிவுதானா, மேடம்?

— இல்லை. யாரும் பேசல. யாரும் முடிவு எடுக்கல.

— குழந்தை இப்ப யாரோட இருக்காங்க?

— என்னோட. முன்னறையில. சின்னம்மை வந்து அஞ்சு நாளா வீட்டுலதான் இருக்கா. எழுதிக்கோங்க. நல்லா எழுதிக்கோங்க, குழந்தை அம்மாகிட்ட இருக்குன்னு.

— எழுதிட்டேன், மேடம். நீங்க இந்த அழைப்பை வச்சுட்டு உடனே போலீசைக் கூப்பிடுங்க. நான் இங்கேர்ந்தும் சொல்றேன். கதவைப் பூட்டிக்கோங்க.

— வச்சுட்டா. டோரீன், கேட்டீங்களா? இன்னைக்கு ராத்திரியிலேர்ந்தாம். பள்ளிக்கூடத்துக்குத்தான் வருவான். மூணே காலுக்கு. அங்க வாசல்ல நிப்பான், பிள்ளைங்க வெளிய வர்ற நேரத்துக்கு. அவ வர மாட்டா. கடவுளே, இந்தச் சின்னம்மை வந்தப்ப நான் எப்படித் திட்டினேன், அஞ்சு நாள் சம்பளம் போச்சேன்னு. இதான் அவளைக் காப்பாத்தியிருக்கு. அவ வீட்டுல இருக்கான்னு அவனுக்குத் தெரியாது. போலீஸ் நேரா பள்ளிக்கூடத்துக்குப் போனா... டோரீன்? நம்பரைப் போடுறேன், நீங்க ஏன் அப்படி உக்காந்துட்டீங்க?

— தங்கம்.

— என்ன?

— பெப்பர்மின்ட் ஏன் உனக்கு ஆகாது?

— இப்ப எதுக்கு அது?

— சொல்லு.

— அவன்... அடிச்சு முடிச்சதும் ஒண்ணை எடுத்து என் வாயில வைப்பான். சரியாப் போச்சு, சாப்பிடுன்னு. சட்டைப்பையில எப்பவும் இருக்கும்.

— வரிக்கோடு போட்டதா?

— ... டோரீன், அந்த மிட்டாய் யார் குடுத்தது?

— எனக்குத் தெரியாதுடி. சத்தியமாத் தெரியாது. திங்கக்கிழமையிலேர்ந்து பள்ளிக்கூடத்து முனையில, நான் ரோடு கடத்திவிடுற இடத்துல நிப்பார். அவ்வளவு மரியாதை. 'குளிர்ல நிக்கிறீங்களே'ன்னு மிட்டாய் குடுப்பார். பழுப்பு நாய்க்குட்டி ஒண்ணு வச்சிருந்தார், மகளுக்காக வாங்கினதுன்னார்.

— அவன் என்ன கேட்டான்?

— ஒண்ணுமே கேக்கல. அதான் எனக்கு... ஐவி பேரைக்கூட எடுக்கல. பள்ளிக்கூடத்துல அம்மை பரவுதாமே, சிவப்புக் கோட்டு போட்ட பொண்ணு ஒண்ணை இந்த வாரம் காணோமேன்னான். நான்தான்... வாய் சும்மா இருக்காதே எனக்கு... எங்க வீட்டு மாடியிலதான் இருக்கு அந்தக் குட்டி, நீலக் கதவு வீடு, பாவம், நாள் பூரா ஜன்னல்ல உக்காந்து போற வர்றதை எண்ணிக்கிட்டிருக்குன்னு சொன்னேன்.

— எப்ப?

— இன்னைக்குக் காலையில.

— கீழ்க் கதவு, டோரீன். பூட்டினீங்களா?

— சாத்தினேன். ரெண்டு கையிலயும் சாமான்... காலால தள்ளினேன். தோளால முட்டினாத்தானே அது பிடிக்கும். நான் முட்டல. ரோவீனா, நான் முட்டல.

— அம்மா! இங்க வாயேன்! என் நாய் போகவே இல்லை! பழுப்புக் குட்டி, நம்ம வாசல் கம்பியில கட்டிப் போட்டிருக்கு, கூட யாரையுமே காணோம்!